பேரு ஒண்ணு, வண்டி வேற: நாட்டுக்கு நாடு மாறுற சுசுகி

"ஸ்விஃப்ட்னா ஸ்விஃப்ட் தானே? ஜப்பான்ல வித்தாலும் ஹங்கேரியில வித்தாலும் இந்தியாவுல வித்தாலும் ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஒரே வண்டி. ஸ்டியரிங் மட்டும் இடம் மாறும். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" இது ஒரு வாசகர் கேட்டது.

9 பிப்ரவரி 2025, ராத்திரி

ஸ்டியரிங் மட்டும் இல்லைங்க. நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், அதனால ஆரம்பத்துல இருந்தே எழுதறேன்.

1983ல ஜப்பான்ல சுசுகி ஒரு சின்ன ஹேட்ச்பேக் விட்டாங்க, அங்க அதுக்குப் பேரு கல்டஸ். ஸ்விஃப்ட் இல்ல. 1981லயே ஜெனரல் மோட்டார்ஸ் சுசுகியில 5 சதவீதம் பங்கு வாங்கியிருந்தாங்க, அதனால அதே வண்டி அமெரிக்காவுல செவர்லே ஸ்பிரின்ட்டா போச்சு, அடுத்த தலைமுறை ஜியோ மெட்ரோ ஆச்சு, ஆஸ்திரேலியாவுல ஹோல்டன் பரினா, மத்த பல நாட்டுல சுசுகி ஸ்விஃப்ட். ஆக ஸ்விஃப்ட்ங்கறது ஆரம்பத்துல ஏற்றுமதிக்குன்னு வச்ச பேரு. பொறந்த வீட்டுல ஒரு பேரு, புகுந்த வீட்டுல ஒரு பேரு.

ஜப்பான்ல ஸ்விஃப்ட்ங்கற பேரு ஒரு வண்டிக்கு ஒட்டினது 2000ல தான். எந்த வண்டிக்குன்னு பார்த்தா, வெளிநாட்டுல இக்னிஸ்னு தெரிஞ்ச அந்த உயரமான குட்டி வண்டிக்கு. அதே நேரத்துல ஐரோப்பாவுல ஷோரூம்ல ஸ்விஃப்ட்னு நின்னது பழைய கல்டஸ் உடம்பு, ஹங்கேரியில எஸ்டர்கோம் தொழிற்சாலையில 1992ல இருந்து செஞ்சுட்டு இருந்தது. அப்போ 2001ல ஜப்பான்காரர் ஒருத்தரும் ஹங்கேரிக்காரர் ஒருத்தரும் "என்கிட்ட ஸ்விஃப்ட் இருக்கு"ன்னு பேசினா ரெண்டு பேரும் பேசறது வேற வேற வண்டியைப் பத்தி.

2004 நவம்பர்ல வந்த ஸ்விஃப்ட்ல தான் இந்தக் கதை ஒண்ணா சேர்ந்துச்சு. ஜப்பான், ஹங்கேரி, 2005 மே மாசம் இந்தியா, எல்லா எடத்துலயும் ஒரே உடம்பு, ஒரே பேரு. என்கிட்ட இருக்கறது அந்தத் தலைமுறை தான், 1.3 லிட்டர் பெட்ரோல்.

அதே நாள், கொஞ்ச நேரம் கழிச்சு

இதுல எனக்கு ஏன் இவ்ளோ அக்கறைன்னா, ஒரு தடவை காசு போச்சு. என் வண்டிக்கு ஹெட்லைட் ஜோடி தேடிட்டு இருந்தேன், பழைய பார்ட்ஸ் விக்கற ஒருத்தர்கிட்ட "சுசுகி ஸ்விஃப்ட், ஜப்பான், 2004"ன்னு போட்டு நல்ல கண்டிஷன்ல இருந்துச்சு. வாங்கிட்டேன். பெட்டியைப் பிரிச்சா வடிவமே வேற. அவர் பொய் சொல்லல, அது 2004 ஜப்பான் ஸ்விஃப்ட் தான், ஆனா சேசிஸ் கோடு, அதாவது கம்பெனி மாடலுக்கு மாடல் வைக்கற அடையாளக் குறி, எச்டி51எஸ். அது வெளிநாட்டு இக்னிஸ். எனக்கு வேண்டியது இசட்சி11எஸ். ரெண்டுமே அதே வருஷம், அதே பேரு. திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார், அவர் பக்கம் நியாயம் இருக்கறதால நானும் சண்டை போடல. அன்னிலேர்ந்து பேரைப் பார்க்கறத விட்டுட்டு சேசிஸ் கோடு பார்க்க ஆரம்பிச்சேன்.

11 பிப்ரவரி 2025

ஒருத்தர் "ஸ்விஃப்ட் மட்டும் விதிவிலக்கா இருக்கும், செடான்ல எல்லாம் இப்படிக் குழப்பம் இல்ல"ன்னு சொல்லியிருக்கார். செடான்ல தாங்க மோசம்.

எஸ்டீம் எடுத்துக்கோங்க. இந்தியாவுல 1990ல வந்த மாருதி 1000, அதுக்கு 1994ல 1.3 லிட்டர் இன்ஜின் போட்டு எஸ்டீம். அடிப்படை ரெண்டாவது தலைமுறை கல்டஸ் செடான், ஜப்பான்லயும் அதை கல்டஸ் எஸ்டீம்னு தான் வித்தாங்க. பாகிஸ்தான்ல அதே வண்டி மர்கல்லா. ஐரோப்பாவுல ஸ்விஃப்ட் செடான். சரி, இதுவரைக்கும் கை விரல்ல எண்ணிடலாம். ஆனா அமெரிக்காவுல 1995ல இருந்து சுசுகி எஸ்டீம்னு ஒண்ணு வித்தாங்க பாருங்க, அது இந்த வண்டியே இல்ல. அது நமக்கு 1999ல பலேனோன்னு வந்தது. ஜப்பான்ல அதுக்குப் பேரு கல்டஸ் கிரசன்ட்.

இப்போ பலேனோ. 1999 பலேனோ ஒரு செடான், கூடவே அல்டூரான்னு ஒரு வேகன். 2007ல நிறுத்தினாங்க. 2015ல திரும்ப பலேனோன்னு வந்தது ஹேட்ச்பேக், பழசுக்கும் இதுக்கும் பேரைத் தவிர ஒட்டும் இல்ல உறவும் இல்ல. இந்த ரெண்டாவது பலேனோ இந்தியாவுல டொயோட்டா கிளான்சா, தென்னாப்பிரிக்காவுல டொயோட்டா ஸ்டார்லெட்.

பாகிஸ்தான்ல கல்டஸ்ங்கற பேரு 2000ல இருந்து ஓடுச்சு, அது பழைய ஸ்விஃப்ட் உடம்பு. அதுக்கு முன்னாடி, அதுக்கும் முந்தின தலைமுறை உடம்பு அங்க கைபர்னு ஓடுச்சு. 2017ல கல்டஸ் மாறிச்சு, மாறினது எதுவான்னா நாம செலேரியோன்னு சொல்றதுவா. கல்டஸ்ங்கற பேரு ஜப்பான்ல எப்பவோ போயிடுச்சு, பாகிஸ்தான்ல மட்டும் இன்னும் உயிரோட இருக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம், ஒரு ஊர்ல வழக்கொழிஞ்ச சொல்லு இன்னொரு ஊர்ப் பேச்சுல தங்கிடற மாதிரி.

12 பிப்ரவரி 2025

ஒருத்தர் தனியா கேட்டார்: மாருதி 800ம் ஜப்பான் ஆல்ட்டோவும் ஒண்ணா? ஆமா, உடம்பு ஆல்ட்டோ, இன்ஜின் பெருசுன்னு சுருக்கமா பதில் சொல்லிட்டேன்.

13 பிப்ரவரி 2025

நேத்து சொன்னது பாதி தான். 800ல ரெண்டு உடம்பு இருக்கு, நான் ஒரே வண்டி மாதிரி சொல்லிட்டேன். 1983 டிசம்பர் 14ஆம் தேதி இந்திரா காந்தி கையால சாவி கொடுத்த அந்த வண்டி எஸ்எஸ்80, முதல் தலைமுறை ஆல்ட்டோ உடம்பு. 1986ல உடம்பு மாறிச்சு, ரெண்டாவது தலைமுறை ஆல்ட்டோ, நம்மில் பெரும்பாலானவங்க 800னு மனசுல வச்சிருக்கறது இது தான். ரெண்டுலயும் இன்ஜின் 796 சிசி மூணு சிலிண்டர் எஃப்8பி. ஜப்பான்ல அந்த இன்ஜினைப் போட முடியாது, ஏன்னா அங்க அப்போ கெய்ங்கற வரி கம்மியான குட்டி வண்டி வகைக்கு வரம்பு 550 சிசி, அதனால அவங்க ஆல்ட்டோ 543 சிசில ஓடுச்சு. அதே ஓடு, உள்ள வேற நண்டு.

எங்க வீட்டு முதல் வண்டி ரெண்டாவது உடம்பு 800. அதோட கதவு மூடுற சத்தம் இன்னும் காதுல இருக்கு, தகரப் பெட்டி சத்தம் தான், ஆனா அந்தச் சத்தம் கேட்டா அப்பா வந்துட்டார்னு அர்த்தம். பல வருஷம் கழிச்சு தான் தெரிஞ்சுது அதே கதவு பாகிஸ்தான்ல மெஹ்ரான்லயும் சைனாவுல சாங்கன் ஆல்ட்டோலயும் மூடிட்டு இருந்துச்சுன்னு. 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னுச்சு, மெஹ்ரான் 2019 வரைக்கும் ஓடுச்சு. ஜப்பான்ல 1984ல வந்து நாலு வருஷத்துல மாத்திட்ட ஒரு உடம்பு, வேற நாட்டுல 35 வருஷம் கழிச்சும் புதுசா ஷோரூம்ல இருந்து வெளிய வந்துட்டு இருந்துச்சு. வேற எந்த வண்டியைப் பத்திப் படிச்சப்பவும் எனக்கு இவ்ளோ நெகிழ்ச்சி வந்ததில்ல.

16 பிப்ரவரி 2025

"சரி, ஏன் இப்படி மாத்தணும்? ஒரே வண்டியை எல்லா எடத்துலயும் வித்தா செலவு கம்மி தானே?" நல்ல கேள்வி. இதைத் தான் நான் முதல்லயே எழுதியிருக்கணும், பேருலயே நின்னுட்டேன்.

வண்டியோட உருவத்தை வரையறது பாதி பேர் டிசைனர், பாதி பேர் வரி போடறவங்க. ஜப்பான்ல கெய் வண்டின்னு ஒரு வகை: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி, இதுக்குள்ள இருந்தா மஞ்சள் நம்பர் பிளேட், வரி கம்மி. பவரும் 64 குதிரைசக்திக்கு மேல போக மாட்டாங்க, அது சட்டம் இல்ல, கம்பெனிகளுக்குள்ள ஒரு உடன்பாடு. அதனால ஜப்பான் வேகன் ஆர் நீளம் 3395 மில்லிமீட்டர், அகலம் 1475. கோட்டை மிதிக்காம அஞ்சு மில்லிமீட்டர் உள்ள தள்ளி நிறுத்தியிருக்காங்க. 2019ல இந்தியாவுல வந்த வேகன் ஆர் 3655க்கு 1620. பேரு ஒண்ணு, உயரமான பெட்டிங்கற யோசனை ஒண்ணு, வண்டி வேற.

இந்தியாவுல கோடு வேற எடத்துல. 2006 பட்ஜெட்ல இருந்து 4 மீட்டருக்குள்ள நீளம், பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள இருந்தா சின்ன காருன்னு வரி கம்மி. என் ஸ்விஃப்ட் இன்ஜின் 1298 சிசி, கோட்டுக்கு வெளிய. 2010ல அதை எடுத்துட்டு 1197 சிசி இன்ஜின் போட்டாங்க. டிசையர் இன்னும் தெளிவான உதாரணம்: 2008ல முதல்ல வந்தப்போ 4160 மில்லிமீட்டர், 2012ல வந்த அடுத்தது 3995. டிக்கியை நறுக்கிட்டாங்க. நறுக்கின அந்தப் பின்பக்கம் எனக்குப் பிடிக்கவே இல்ல, இன்னிக்கும் பிடிக்கல, ஆனா அந்த 165 மில்லிமீட்டர்ல எத்தனை குடும்பம் வண்டி வாங்க முடிஞ்சுதுன்னு யோசிச்சா வாய மூடிக்கறேன்.

16 பிப்ரவரி 2025, சாயங்காலம்

முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன். முதல் கேள்விக்கு நேர் பதில் இதுல தான் இருக்கு. 2017ல ஜப்பான்ல வந்த ஸ்விஃப்ட்டும் 2018ல இந்தியாவுல வந்ததும் ஒரே தலைமுறை, ஒரே முகம், நீளம் ரெண்டும் 3840. அகலம் பாருங்க: இந்தியாவுல 1735, ஜப்பான்ல சாதாரண ஸ்விஃப்ட் 1695. ஏன்னா அங்க 1700 மில்லிமீட்டர் தாண்டினா சின்ன வண்டி வகையில இருந்து பெரிய வகைக்குப் போயிடும். 40 மில்லிமீட்டருக்காக சக்கரத்துக்கு மேல வர்ற வளைவுகளையே வேற மாதிரி செஞ்சிருக்காங்க. ஜப்பான்லயே ஸ்விஃப்ட் ஸ்போர்ட் மட்டும் 1735. ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சு உத்துப் பாருங்க, பின் கதவுக்கு மேல தோள் மாதிரி இருக்கற எடத்துல தெரியும். தெரிஞ்ச பிறகு தெரியாத மாதிரி இருக்க முடியாது.

2 மார்ச் 2025

ஜிம்னி பத்தி எழுதச் சொல்லி மூணு பேர். எழுதாம இருப்பேனா.

ஜப்பான்ல ரெண்டு ஜிம்னி. ஜேபி64ங்கறது கெய், 660 சிசி டர்போ, நீளம் 3395. ஜேபி74ங்கறது 1.5 லிட்டர், சக்கர வளைவு விரிஞ்சது, அங்க ஜிம்னி சியரா. வெளிநாட்டுல நாம ஜிம்னின்னு பார்க்கறது ரெண்டாவது. ஐரோப்பாவுல கார்பன் கணக்கு இடிச்சுது, ஒரு கம்பெனி விக்கற எல்லாக் காருக்கும் சராசரி பார்ப்பாங்க, ஜிம்னி அதை மேல தூக்கிடும். அதனால பயணிகள் காரா விக்கறத நிறுத்திட்டு, 2021ல பின் சீட்டைக் கழட்டி, ரெண்டு பேர் உட்கார்ற சரக்கு வண்டியா திரும்பக் கொண்டு வந்தாங்க. சரக்கு வண்டிக்குக் கணக்கு வேற. 1979ல ஆல்ட்டோவையும் ஜப்பான்ல இதே யுக்தில தான் விட்டாங்க, சரக்கு வண்டின்னு பதிவு பண்ணினா அப்போ வரி இல்ல, விலை 4,70,000 யென். நாப்பது வருஷம் கழிச்சு வேற கண்டத்துல அதே கதவைத் தட்டியிருக்காங்க.

அஞ்சு கதவு ஜிம்னி 2023ல இந்தியாவுல வந்துச்சு, குர்கான்ல செய்யறாங்க. மூணு கதவை விட 340 மில்லிமீட்டர் நீளம், அந்த 340ம் சக்கரத்துக்கு நடுவுல. இந்த வருஷம் ஜனவரி 30 அதை ஜப்பான்ல ஜிம்னி நோமேட்னு அறிவிச்சாங்க, மாசம் 1200 விக்கலாம்னு திட்டம், நாலு நாள்ல சுமார் 50,000 புக்கிங், பிப்ரவரி 3ல ஆர்டர் வாங்கறத நிறுத்திட்டாங்க. ஜனவரி 30, சுசுகி கம்பெனியை ரொம்ப வருஷம் நடத்தின ஒசாமு சுசுகியோட பிறந்தநாள். முந்தின மாசம் 25ஆம் தேதி தான் 94 வயசுல காலமானார். இந்தியாவுக்கு வர முடிவெடுத்தவர், அங்க செஞ்ச வண்டிக்கு ஜப்பான்ல வரிசை நின்னதைப் பார்க்கல. அந்தச் செய்தியைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன்.

ஜிப்சி கேட்டவருக்கு: அது 1985ல இருந்து ஓடின பழைய நீளமான ஜிம்னி. ஒரு நண்பரோட ஜிப்சில மலைப்பாதையில நாலு நாள் சுத்தியிருக்கேன், பின்னாடி பக்கவாட்டு சீட்டு, அடியில லீஃப் ஸ்பிரிங், ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்கு நேரா சேதி சொல்லும். ஆனா எங்கயும் நின்னதில்ல.

5 மார்ச் 2025

ஜிம்னி பத்தி எழுதின சந்தோஷத்துல ரெண்டு நாள் இருந்தேன், அப்புறம் ஒரு விஷயம் உறுத்துச்சு. நாட்டுக்கு நாடு மாறுறதை நான் ரசிச்சு ரசிச்சு எழுதறேன். எல்லா மாற்றமும் ரசிக்கற மாதிரி இல்ல.

இந்தியக் கணக்குல ரெண்டாவது தலைமுறை ஸ்விஃப்ட், 2010ல ஐரோப்பாவுல யூரோ என்கேப் மோதல் சோதனையில 5 ஸ்டார். அதே தலைமுறை, இந்தியாவுல வித்த ஏர்பேக் இல்லாத அடிப்படை வேரியன்ட், 2014ல குளோபல் என்கேப் சோதனையில பெரியவங்க பாதுகாப்புக்கு பூஜ்யம். அகலத்துல 40 மில்லிமீட்டர் குறைக்கறது வேற, ஏர்பேக்கை எடுக்கறது வேற. முதல்ல சொன்னதுக்கு வரி காரணம்னு சொல்லலாம், ரெண்டாவதுக்கு அப்போ சட்டம் கேட்கலங்கறது தான் காரணம், கேட்கலன்னா குடுக்க வேண்டாம்னு முடிவெடுத்தது மனுஷங்க. என் குடும்பமும் ஏர்பேக் இல்லாத வண்டியில தான் வளர்ந்துச்சு, அப்போ எங்களுக்கு அது ஒரு குறையாவே தெரியல.

6 மார்ச் 2025

நேத்து எழுதினதுக்கு ஒருத்தர் "இப்போ தலைகீழ், 2024 டிசையர் 5 ஸ்டார், ஐரோப்பாவுல புது ஸ்விஃப்ட்டுக்கு 3 ஸ்டார் தான்"னு போட்டிருக்கார். ரெண்டு எண்ணும் சரி. ஆனா முன்னது குளோபல் என்கேப், பின்னது யூரோ என்கேப், ரெண்டு பரீட்சையும் ஒண்ணு இல்ல, யூரோ என்கேப்ல தானா பிரேக் பிடிக்கறது, பாதசாரி பாதுகாப்பு எல்லாத்துக்கும் மார்க் உண்டு. அப்படிப் பார்த்தா நேத்து நான் 2010ஐயும் 2014ஐயும் பக்கத்துல வச்சதும் முழுசா சரி இல்ல. ஏர்பேக் இல்லாததுக்குக் கிடைச்ச பூஜ்யம் பத்தி சொன்னதை மட்டும் மாத்திக்க மாட்டேன்.

20 ஏப்ரல் 2025

ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பத்தி ஒரு வரி எழுதுங்கன்னு கேட்டிருக்கீங்க. இசட்சி33எஸ், 1.4 டர்போ, 140 குதிரைசக்தி, ஜப்பான் மேனுவல் எடை 970 கிலோ. வெளிநாட்டுல ஒரு நண்பர் வண்டியை அரை மணி நேரம் ஓட்டியிருக்கேன். ரெண்டாவது கியர்ல மிதிச்சதும் அது கிளம்பின விதம்! என் ஸ்விஃப்ட் மேல எனக்கு இருக்கற பாசம் குறையல, ஆனா அன்னிக்கு ராத்திரி சரியா தூங்கல. ஸ்போர்ட் எந்தத் தலைமுறையிலயும் இந்தியாவுக்கு வரல. 1.0 டர்போ போட்ட பலேனோ ஆர்எஸ் 2017ல வந்துச்சு, 2020ல போயிடுச்சு. அது தான் நமக்குக் கிடைச்ச எட்டிப் பார்க்கற ஜன்னல்.

14 செப்டம்பர் 2025

ரொம்ப நாள் கழிச்சு. ஒருத்தர் "ஃப்ரான்க்ஸ் இந்தியாவுல செய்யறாங்க, ஆனா ஆல் வீல் டிரைவ் ஜப்பானுக்கு மட்டும் போகுது, இது என்ன நியாயம்"னு கேட்டிருக்கார். ஆமா, 2024 அக்டோபர்ல ஜப்பான் போனது 1.5 லிட்டர், ஆறு கியர் ஆட்டோமேட்டிக், ஆல் வீல் டிரைவ் வேணும்னா உண்டு. இந்தியாவுல 1.2ம் 1.0 டர்போவும் தான், முன் சக்கர டிரைவ் மட்டும். 1.5 பெட்ரோல் இங்க 1200 சிசி கோட்டைத் தாண்டிடும். ஜப்பான்ல பனி விழற ஊர்கள்ல நாலு சக்கரமும் இழுக்கலன்னா வீட்டு வாசலைத் தாண்ட முடியாது. பிப்ரவரில எழுதின அதே கோடுகள் தான்.

போன மாசம் 26ஆம் தேதி குஜராத் ஹன்சல்பூர் தொழிற்சாலையில இருந்து ஈ விட்டாரா ஏற்றுமதிக்குக் கிளம்பினதையும் சொல்லியிருந்தீங்க. சுசுகியோட முதல் முழு மின்சாரக் கார், 100 நாட்டுக்கு மேல போகப் போகுது. சுசுகி பேட்ஜோட போற எல்லா நாட்டுக்கும் ஒரே வண்டி, ஒரே பேரு. முதல் கேள்வி கேட்டவர் சொன்ன மாதிரியே ஒரு வண்டி கடைசியில வந்துடுச்சு. நல்லது தான். கல்டஸ், மர்கல்லா, கைபர்னு தேடித் திரிஞ்ச எனக்கு கொஞ்சம் ஏக்கமாவும் இருக்கு.

21 செப்டம்பர் 2025

அந்தப் பழைய ஹெட்லைட் ஜோடி இன்னும் பரண்ல தான் இருந்துச்சு. வலது பக்கம் ஸ்டியரிங் இருக்கற இக்னிஸ் வச்சிருக்கற ஒருத்தர் இதைப் படிச்சிட்டு வேணும்னு கேட்டார். இடது ஸ்டியரிங் நாட்டுக்காரர்னா குடுத்திருக்க மாட்டேன், கண்ணாடி பொருந்தினாலும் வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். இன்னிக்குக் காலைல தொடைச்சு, துணி சுத்தி, பெட்டில வச்சாச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி சேசிஸ் பிளேட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். அது வந்ததும் அனுப்பிடுவேன்.